நட்சத்திரக் கணக்கில் சிரிக்காதீர்கள்

ஆகஸ்டு மாதம் நெருங்கும்போதெல்லாம், எடின்பரோ நகரின் ஃபிரிஞ்ச் விழாவுக்கு முதன்முறையாகச் செல்வோருக்கான அறிவுரைப் பட்டியல்கள் ஆங்கில நாளிதழ்களிலும் பயண இதழ்களிலும் தவறாமல் வெளிவருகின்றன. பத்துக் குறிப்புகள், பதினைந்து குறிப்புகள் என்று எண் மாறும், சொல்லப்படுவது மாறுவதில்லை. எல்லா நிகழ்ச்சிகளுக்கும் முன்கூட்டியே நுழைவுச்சீட்டு வாங்கிவிடுங்கள். நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த எதையும் எட்டிப் பார்க்காதீர்கள். தொலைக்காட்சியில் பார்த்த முகங்களைத் தவறவிடாதீர்கள். தெருவில் துண்டறிக்கை நீட்டுபவர்களின் கண்ணைப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். எக்காரணம் கொண்டும் முதல் வரிசையில் உட்காராதீர்கள். படிப்பதற்கும் பணிக்குமாக பிரிட்டன் சென்றிருக்கும் நம் நண்பர்களும் இவற்றையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த ஐந்து அறிவுரைகளும் பிழையானவை என்பது என் துணிபு. அந்த விழா எந்த வேரில் நிற்கிறதோ அந்த வேரிலேயே இவை வெந்நீர் ஊற்றுகின்றன. ஏன் என்று சொல்வதற்கு முன், அவ்விழா எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாக நினைவுகூர வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த இரண்டாம் ஆண்டில், 1947இல், ஐரோப்பாவின் உயர்கலைகளை ஓரிடத்தில் கூட்டும் நோக்கத்துடன் எடின்பரோ சர்வதேச விழா தொடங்கப்பட்டது. அழைக்கப்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களுடன், எவரும் அழைக்காத எட்டு நாடகக் குழுக்களும் வந்து, கிடைத்த இடங்களில் தங்கள் நாடகங்களை நடத்தின. அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற ஸ்காட்லாந்து நாடகாசிரியர், அதிகாரபூர்வ விழாவின் விளிம்பில் நடப்பவை என்ற பொருளில் ஒரு நாளிதழில் எழுதிய சொல்லே இன்று வரை நிலைத்துவிட்டது. ஃபிரிஞ்ச் என்றால் விளிம்பு. 1958இல் இந்த விளிம்புக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது, எந்த நிகழ்ச்சி இடம்பெறலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் வேலையைச் சங்கம் ஏற்காது என்பதை அடிப்படையாகக் கொண்டார்கள். அந்த விதி இன்றும் மாறவில்லை. ஓர் இடம் பிடித்து, பதிவுக் கட்டணம் செலுத்தினால் யாரும் அங்கே மேடையேறலாம்.

விளிம்பு வளர்ந்து நடுவையே விழுங்கிவிட்டது. 2019ஆம் ஆண்டு 3,841 நிகழ்ச்சிகள். 30 லட்சத்துக்கும் அதிகமான நுழைவுச்சீட்டுகள். நாடக விழாவாகத் தொடங்கிய இதில், 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையில் நகைச்சுவை நாடகத்தை முந்தியது. உலகின் மிகப்பெரிய நகைச்சுவைச் சந்தை என்று இன்று அதைச் சொல்பவர்கள் மிகையாகச் சொல்லவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் மரபில் நூலை அவையில் வைத்து, அறிந்தோர் கேட்டு, ஒப்பிய பின்பே அது உலவும். அதை அரங்கேற்றம் என்றோம். எடின்பரோவில் அப்படி ஒரு முன்னவை கிடையாது. தேர்வுக் குழு இல்லை, தணிக்கை இல்லை, பரிந்துரைக் கடிதம் வேண்டியதில்லை. அப்படியானால் அங்கே அவை எது? பத்துப் பதினைந்து பவுண்டு கொடுத்து உள்ளே வந்து உட்காரும் நீங்கள்தான். மூவாயிரத்துச் சொச்சம் அரங்கேற்றங்கள் நடக்கும் ஊரில், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு முழுவதும் பார்வையாளரிடம் விடப்பட்டிருக்கிறது. மேற்சொன்ன ஐந்து அறிவுரைகளும் அந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வரச் சொல்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, எல்லாவற்றையும் முன்பதிவு செய்வது. தங்குமிடத்தையும் பயணத்தையும் முன்பதிவு செய்யுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் முன்பதிவு செய்தால், வீட்டில் உட்கார்ந்து போட்ட பட்டியலைச் சரிபார்க்கும் கணக்கராகத்தான் அங்கே அலைவீர்கள். ஒரு நிகழ்ச்சி ஏறத்தாழ ஒரு மணி நேரம். அது முடிந்ததும் அதே அறையில் அடுத்த குழு நுழைந்துவிடும். காலை தொடங்கி நள்ளிரவு தாண்டியும் இது நடக்கும். இந்த ஓட்டத்தில் எது நன்றாக இருக்கிறது என்ற செய்தி வரிசைகளிலும் மதுக்கடை மேசைகளிலும் வாய்மொழியாகவே பரவுகிறது. அந்தச் செய்தி காதில் விழும்போது உங்களிடம் ஒரு காலி மணி நேரம் இருக்க வேண்டும்.

இடைவெளி விடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எடின்பரோவின் பழைய நகரம் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. வரைபடத்தில் ஜார்ஜ் நான்காம் பாலமும் கௌகேட் தெருவும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதாகத் தெரியும். நேரில் போனால், நீங்கள் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருப்பீர்கள், தேடிப்போன அரங்கோ பல அடி ஆழத்தில் கீழே இருக்கும். சந்துகளும் படிக்கட்டுகளும் தேடி இறங்குவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடும். தாமதமாக வருபவர்களைப் பல அரங்குகள் உள்ளே விடுவதில்லை. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில் முக்கால் மணி நேரமாவது விடாதவர், நகைச்சுவை பார்க்க வந்து மூச்சிரைப்பு மட்டும் பெற்றுத் திரும்புவார்.

இரண்டாவது, நட்சத்திரங்கள். ராயல் மைல் தெருவிலும் அரங்குகளின் முற்றங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் சுவரொட்டிகளைப் பாருங்கள். விழா தொடங்கி நான்கைந்து நாட்களில் அவற்றின் மேல் சிறு காகிதப் பட்டைகள் முளைக்கும். நான்கு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம். வழங்கியவர் பெயர் பட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அது பல ஆண்டுகளாக நகைச்சுவையையே எழுதிவரும் விமர்சகராக இருக்கலாம். அன்றைக்கு ஐந்து நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு ஆறாவதற்கு வந்த தன்னார்வ மாணவராகவும் இருக்கலாம். சுவரொட்டி இருவரையும் ஒரே அளவில் அச்சிடுகிறது. விழாவின் முதல் நாட்களில், இன்னும் செப்பம் பெறாத ஒரு மணி நேரத்தைப் பார்த்து எழுதிய மதிப்பு, மூன்றாம் வாரம் வரை அந்தச் சுவரில் தொங்குகிறது. நிகழ்ச்சியோ நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கிறது. நேற்று எடுபடாத பகுதி இன்று வெட்டப்படுகிறது. ஓர் இலக்கியப் படைப்பை ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டால் நாம் சீறுவோம். நகைச்சுவை என்றதும் அதையே வழிகாட்டி என்று ஏற்றுக்கொள்கிறோம். நகைச்சுவையை நாம் கலையாகக் கருதவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

இதைவிடக் கொடுமை, விழாவின் சிறந்த ஒற்றைவரி நகைச்சுவையைத் தேர்ந்தெடுப்பது. ஒரு தொலைக்காட்சி அலைவரிசை பல ஆண்டுகள் இதற்குப் பரிசளித்தது. நாளிதழ்கள் பத்து வரிகளை வரிசைப்படுத்தி அச்சிட்டன. ஒரு மணி நேரம் கட்டி எழுப்பப்பட்ட ஒன்றிலிருந்து ஒரு செங்கல்லை உருவிக்காட்டி, வீடு இப்படித்தான் இருக்கும் என்பது போன்றது அது. அங்கே நல்ல கலைஞர் செய்வது துணுக்கு சொல்வதன்று. 2017இல் விழாவின் முதன்மை விருதை ஜான் ராபின்ஸுடன் பகிர்ந்துகொண்ட ஆஸ்திரேலியக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பியின் ‘நானெட்’, தன்னைத்தானே இழித்துப் பிறரைச் சிரிக்கவைக்கும் வேலையை இனிச் செய்யமாட்டேன் என்று அறிவித்து, அவையில் எழுந்த இறுக்கத்தைச் சிரிப்பால் தளர்த்த மறுத்த நிகழ்ச்சி. அதிலிருந்து எந்த ஒற்றை வரியை எடுத்து அச்சிடுவீர்கள்? தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்தார். எள்ளலுக்கும் பேதைமைக்கும் அதில் தனித்தனி இடம் தந்தார். எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல என்பதை அறிந்த மரபிலிருந்து வருபவர்கள் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்கலாகாது.

மூன்றாவது, தொலைக்காட்சி முகங்கள். அந்தப் பெயர் பெற்றவர்கள் ஆண்டு முழுவதும் பிரிட்டனின் ஊர் ஊராகப் போய்ப் பெரிய அரங்குகளில் நிகழ்த்துகிறார்கள். லண்டனிலோ மான்செஸ்டரிலோ அவர்களைப் பார்க்கலாம். வீட்டுத் திரையிலும் பார்க்கலாம். நாற்பது பேர் கொள்ளும் பாதாள அறையில் பெயர் தெரியாத ஒருவர் செய்வதை எடின்பரோவில் மட்டுமே பார்க்க முடியும். எங்கும் கிடைப்பதை வாங்க அவ்வளவு தூரம் போவானேன்?

2013ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு சிறந்த புதுமுகத்துக்கான விருதுப் பட்டியலில் ரோமேஷ் ரங்கநாதன் இடம்பெற்றார். இலங்கையிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அவரைத் தெரியாதவர் இல்லை. அதே ஆண்டு அண்டர்பெல்லி அரங்கில் ஃபீபி வாலர்-பிரிட்ஜ் என்ற பெண் தனியாக ஒரு நாற்காலியில் அமர்ந்து ‘ஃப்ளீபேக்’ என்ற ஒருவர் நாடகத்தை நிகழ்த்தினார். அது தொலைக்காட்சித் தொடரானது 2016இல். ‘தெரிந்த முகங்களை மட்டும் பாருங்கள்’ என்ற அறிவுரையை அந்த ஆகஸ்டில் கடைப்பிடித்தவர் இவ்விருவரையும் பார்த்திருக்க மாட்டார். பிறகு பல ஆண்டுகள் கழித்து, அவர்கள் தெரிந்த முகங்களான பின், பல மடங்கு விலை கொடுத்துத் தொலைவிலிருந்து பார்த்திருப்பார்.

சந்தையும் இந்த அறிவுரைக்குத் துணைநிற்கிறது. 2008இல் அசெம்ப்ளி, கில்டட் பலூன், பிளசன்ஸ், அண்டர்பெல்லி என்ற நான்கு பெரிய அரங்கு நிறுவனங்களும் சேர்ந்து, ஃபிரிஞ்சுக்குள்ளேயே ‘எடின்பரோ நகைச்சுவை விழா’ என்ற தனிப்பெயரில் தங்கள் நிகழ்ச்சிகளை விளம்பரப்படுத்தின. ஊரிலுள்ள பிற அரங்குகளில் நடப்பது நகைச்சுவை ஆகாதா என்று கலைஞர்கள் பலர் கொதித்தார்கள். அந்தப் பெயர் பின்னர் கைவிடப்பட்டது. முதன்முறை செல்பவர்களின் மனத்தில் மட்டும் அந்த எல்லைக்கோடு அழியாமல் இருக்கிறது.

இலவச நிகழ்ச்சி என்றால் தரம் குறைந்தது என்ற நினைப்பும் இதைச் சார்ந்ததே. 1996இல் பீட்டர் பக்லி ஹில் என்பவர் தொடங்கிய ‘ஃப்ரீ ஃபிரிஞ்ச்’ முறையில், கலைஞர் அரங்குக்கு வாடகை தருவதில்லை. மதுக்கடைக்காரர் தன் மாடியறையையோ நிலவறையையோ கொடுக்கிறார், கூட்டத்தால் அவருக்கு வியாபாரம் ஆகிறது. பார்வையாளர் கட்டணமின்றி நுழைந்து, முடிந்து வெளியேறும்போது வாசலில் நீட்டப்படும் வாளியில் இயன்றதைப் போடுகிறார். இந்த முறையில் நிகழ்த்திய ஜான் கெர்ன்ஸ், துறவியின் தலைமழிப்பு போன்ற பொய்முடியும் பொய்ப்பல்லும் அணிந்து மேடையேறியவர், 2013இல் சிறந்த புதுமுக விருதையும் 2014இல் முதன்மை விருதையும் பெற்றார். இரண்டையும் பெற்ற முதல் கலைஞர் அவர். கட்டணத்தைக் கொண்டு கலையை அளப்பவர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அவரைத் தவறவிட்டிருப்பார்கள்.

நான்காவது, துண்டறிக்கை. அதை நீட்டுபவர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்று எண்ணிக் கடந்துபோகிறோம். பல நேரங்களில் அன்று மாலை மேடையில் நிற்கப்போகும் கலைஞரே மழையில் நனைந்துகொண்டு அதை நீட்டுகிறார். அவருடைய கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சங்கத்துக்குப் பதிவுக் கட்டணம் சில நூறு பவுண்டு. கட்டண அரங்கானால், வசூலில் நாற்பது விழுக்காடு அரங்குக்கும் அறுபது கலைஞருக்கும் என்பது பரவலான ஒப்பந்தம். வசூல் எவ்வளவு குறைந்தாலும் அரங்குக்குக் கிட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகைக்குக் கலைஞர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். விளம்பரம், ஒலி-ஒளிப் பணியாளர், சாப்பாடு தனி. எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்குமிடம். ஆகஸ்டு மாத எடின்பரோவில் அறை வாடகை கலைஞர்களை நசுக்குகிறது. 2023 அக்டோபரில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. நகரவாசிகளின் குடியிருப்புத் தட்டுப்பாட்டை நினைத்தால் அதில் நியாயம் உண்டு, ஆனால் விழாக்கால அறைகள் குறைந்தன என்ற முறையீடும் எழுந்தது. 2025 ஆகஸ்டில் ஒயாசிஸ் இசைக்குழு மரேஃபீல்டு மைதானத்தில் பாடிய நாட்களில் அறைகளின் விலை இன்னும் ஏறியது.

ஆக, அந்தத் துண்டறிக்கையை நீட்டுபவர் பெரும்பாலும் கைப்பணத்தை இழந்துகொண்டே நிற்கிறார். அதற்காக அவர்மேல் இரக்கப்படுங்கள் என்று நான் சொல்லவில்லை. நின்று, உங்கள் நிகழ்ச்சி எதைப் பற்றியது என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லும் விடையில் உயிர் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எந்த நட்சத்திரப் பட்டையும் தராத அறிமுகம் அது. உயிர் இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு நடக்கலாம்.

ஐந்தாவது, முதல் வரிசை. மேடையில் நிற்பவர் நம்மைக் கேலி செய்துவிடுவார் என்ற அச்சம். பெரிய அரங்குகளில் அந்த அச்சத்துக்குச் சிறிது இடமுண்டு. பன்னிரண்டு பேர் வந்திருக்கும் அறையில் பன்னிரண்டு பேரும் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நடப்பது என்ன? கலைஞர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நிற்கிறார். சிரிப்பு தொற்றிப் பரவுவது. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால்தான் நமக்கும் வரும். சிதறி உட்கார்ந்த கூட்டத்தில் நல்ல நகைச்சுவையும் செத்துவிழும். பிறகு வெளியே வந்து, நிகழ்ச்சி எடுபடவில்லை என்று நாமே தீர்ப்பும் சொல்வோம். முன்னால் போய், அடுத்தடுத்த இருக்கைகளில் நெருங்கி உட்காருங்கள். புலவர் அவைக்குச் சொல்லும் அவையடக்கத்தை நாம் அறிவோம். அவைக்கும் ஓர் அடக்கம் வேண்டும்: நேரத்துக்கு வருதல், கைப்பேசியை அணைத்தல், ஒளிப்பதிவு செய்யாதிருத்தல், இடையில் புகுந்து தன் சாமர்த்தியத்தைக் காட்டாதிருத்தல்.

இவற்றுக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மூன்று நாள் விடுப்பு எடுத்து, கடன் அட்டையில் அறையெடுத்து வருபவர் எதற்காகச் சூதாட வேண்டும்? கொடுத்த காசுக்கு உத்தரவாதமான சிரிப்பை அவர் கேட்பதில் தவறென்ன? தவறில்லை. ஆனால் உத்தரவாதம் என்று அவருக்கு விற்கப்படுவது உத்தரவாதமே அன்று என்பதைத்தான் மேலே சொன்னேன். பிரபலமானவரும் சில நாட்கள் சோர்ந்துபோவார். பெரிய அரங்கில் கடைசி வரிசை இருக்கைக்கும் அதே விலைதான். பத்துப் பவுண்டு நிகழ்ச்சி ஏமாற்றினால் இழப்பு ஒரு மணி நேரமும் பத்துப் பவுண்டும். சிக்கனம் வேண்டுவோர்க்கு வழிகளும் உண்டு: விழாவின் முதல் நாட்களில் நடக்கும் முன்னோட்டக் காட்சிகள் விலை குறைவு, இலவச அரங்குகள் ஊரெங்கும் இருக்கின்றன, நகரின் நடுவில் தங்காமல், டிராம் செல்லும் லீத் பக்கமோ, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய கிளாஸ்கோவிலோ தங்கலாம், கடைசி வண்டியின் நேரத்தை மட்டும் மறக்காமல் இருந்தால்.

இன்னொரு தவறான புரிதலையும் தவிர்க்க வேண்டும். புதியவர்களைப் பாருங்கள் என்பதால், பார்ப்பதையெல்லாம் பாராட்டுங்கள் என்று பொருளன்று. பொய்ச்சிரிப்பு கலைஞருக்குச் செய்யும் துரோகம். எந்தப் பகுதி தேறியது, எது தேறவில்லை என்று அவருக்குச் சொல்ல அவையின் சிரிப்பைத் தவிர வேறு கருவி கிடையாது. சிரிப்பு வராத இடத்தில் அமைதியாக இருங்கள். மோசமான நிகழ்ச்சிகள் நிறைய வாய்க்கும். தேர்வுக் குழு இல்லாத விழாவின் விலை அது. அந்த விலையைக் கொடுக்க மறுப்பவர்கள் தேர்வுக் குழு ஒன்றைக் கேட்கிறார்கள் என்றே பொருள். நட்சத்திரங்களும் பெரிய அரங்குகளும் தொலைக்காட்சியும் சேர்ந்து, யாரும் நியமிக்காத அந்தக் குழுவாக ஏற்கெனவே அமர்ந்துகொண்டிருக்கின்றன.

அதன் விளைவு எங்கே போய் முடியும்? கூட்டம் முழுவதும் சில நூறு நிகழ்ச்சிகளிலேயே குவிந்தால், மற்றவர்கள் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள். நட்டத்தைத் தாங்கும் குடும்பப் பணம் உள்ளவர்களும், பின்னால் பெரிய முகவர் நிறுவனம் நிற்பவர்களும் மட்டும் வருவார்கள். கணக்கு வாத்தியார்கள் வரமாட்டார்கள். குடியேறியவர்களின் பிள்ளைகள் குறைவார்கள். தாத்தா பாட்டியின் தலைமுறை பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த கதையைச் சொன்ன ‘எண்ட்ஸ்’ என்ற நிகழ்ச்சிக்காக 2023இல் முதன்மை விருது பெற்ற அஹிர் ஷாவைப் போன்றவர்கள், பல ஆண்டுகள் அந்தச் சிறு அறைகளில் நின்று பழகித்தான் அந்த இடத்துக்கு வருகிறார்கள். விதி மட்டும் ஏட்டில் அப்படியே இருக்கும்: யாரும் வரலாம் என்று. அழைப்பின்றி வந்த எட்டுக் குழுக்களின் வழிவந்த விழா, வசதியுள்ளவர்களின் விழாவாகிவிடும். அதை எந்தச் சட்டமும் செய்யாது. முன்பதிவுப் பட்டியலுடன் வரும் பார்வையாளர்களே செய்து முடிப்பார்கள்.

எனவே முதன்முறை செல்பவர்க்கு என் பட்டியல் சிறியது. ஒரு நாளைக்கு நான்கு நிகழ்ச்சிகளுக்கு மேல் வேண்டாம்; ஐந்தாவதில் காது கேட்கும், மனம் கேட்காது. அந்த நான்கில் ஒன்று நீங்கள் விரும்பி முன்பதிவு செய்தவராக இருக்கட்டும். ஒன்று, வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவர் சொன்னது. ஒன்று, தெருவில் உங்கள் கேள்விக்கு நல்ல விடை சொன்னவருடையது. ஒன்று, இலவச அறை. அந்த இலவச அறையிலிருந்து வெளியேறும்போது, அந்த ஒரு மணி நேரத்துக்குக் கட்டண அரங்கில் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று யோசித்து, அதில் பாதியையாவது வாளியில் போடுங்கள். நன்றாக இருந்தால் முழுவதையும் போடுங்கள். பிறகு வெளியே வந்து, பார்த்ததை நான்கு பேரிடம் பெயரோடு சொல்லுங்கள். தேர்வுக் குழு இல்லாத ஊரில் அவையின் கடமை அதுதான்.